ஏற்றுவது ஒருவர், இறக்குவது ஒருவரா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

தேர்தலில் தோற்ற கட்சிக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் எம்.பி.க்களா, உறுப்பினர்களா? பிரிட்டன்தான் நமக்குக் களம். எதிரணியில் பேசிய அம்மையார், "சந்தா கட்டுபவன் தொண்டன், மழையில் நனைந்து வீடு வீடாக நோட்டீஸ் போடுபவன் தொண்டன், தலைவரை மட்டும் எம்.பி. தேர்ந்தெடுப்பதா?" என்று கேட்டார். கைதட்டல் வாங்கும் கேள்வி. நானும் தட்டினேன். ஆனால் அம்மா, அந்தத் தலைவருக்கு என்ன வேலை என்பதை நீங்கள் சொல்லவே இல்லையே!

சபை கூடும் புதன்கிழமைகளில் எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து பிரதமரிடம் ஆறு கேள்வி கேட்க வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எம்.பி.க்கள். அவர்கள் உம்மென்று இருந்தால் நாடே டிவியில் பார்க்கும்.

2001 ஜூனில் கன்சர்வேட்டிவ் கட்சி 166 இடங்களோடு தோற்றது. தலைவர் வில்லியம் ஹேக் விலகினார். அவர் காலத்தில் வந்த புது விதி: எம்.பி.க்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்து இரண்டு பேராகக் குறைப்பார்கள். கடைசி முடிவு உறுப்பினர்கள் கையில். எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கென்னத் கிளார்க் 59, டங்கன் ஸ்மித் 54, போர்ட்டில்லோ 53. ஒரே ஒரு வாக்கில் போர்ட்டில்லோ வெளியே! உறுப்பினர்கள் 1,55,933 வாக்கு போட்டு டங்கன் ஸ்மித்தைத் தலைவராக்கினார்கள். அவர் பின்னால் இருந்த 166 பேரில் 112 பேர் வேறு ஆளுக்கு வாக்களித்தவர்கள். அவர் கதை எப்படி முடிந்தது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

லேபர் கட்சியைப் பாருங்கள். 2015 தோல்விக்குப் பிறகு போட்டியிட 35 எம்.பி.க்களின் கையெழுத்து தேவை. கெடு ஜூன் 15, மதியம் 12 மணி. கடைசி நிமிடங்களில்தான் ஜெரமி கார்பினுக்கு எண்ணிக்கை நிறைந்தது, மொத்தம் 36. கையெழுத்துப் போட்ட சிலருக்கு அவர் தலைவராவதில் விருப்பமே இல்லை, "விவாதத்தில் ஒரு இடதுசாரிக் குரலும் இருக்கட்டுமே" என்று போட்டார்கள். முடிவு தன் கையில் இல்லை என்று தெரிந்தவன் கையெழுத்தை இப்படித்தான் தானம் செய்வான். 3 பவுண்டு கட்டிப் பதிவு செய்தவர்களுக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு உண்டு. கார்பின் 59.5 சதவீதத்தில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அவருடைய எம்.பி.க்களே 172க்கு 40 என்று நம்பிக்கையில்லை என்றார்கள். அந்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. செப்டம்பரில் உறுப்பினர்கள் 61.8 சதவீதத்தில் அவரையே மறுபடி உட்கார வைத்தார்கள். 172 பேர் நம்பாத தலைவரை வைத்துக்கொண்டு, அரசின் ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிரே ஒருவரை நிறுத்தும் நிழல் அமைச்சரவையை அமைப்பது எப்படி? எதிரணி விளக்கட்டும்.

"எம்.பி.க்கள் மட்டும் யோக்கியமா? 2024இல் சூது ஆடவில்லையா?" என்பீர்கள். சந்தேகம் பலமாகவே எழுந்தது. கன்சர்வேட்டிவ் போட்டியில் ஒரு சுற்றில் 39 வாக்கோடு முதலிடத்தில் இருந்தவர் ஜேம்ஸ் கிளெவர்லி. 20 வாக்கு வைத்திருந்தவர் வெளியேறினார். அந்த 20இல் ஒரு பங்காவது கிளெவர்லிக்கு வர வேண்டாமா? அடுத்த சுற்றில் அவருக்கு 37! மற்ற இருவரான படேனாக் 42, ஜென்ரிக் 41. கிளெவர்லி வெளியே! 'நம் ஆள்தான் உள்ளே போயாச்சே, எதிராளியாக எளிதில் தோற்பவரை அனுப்புவோம்' என்று வாக்கைக் கடன் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் அந்த ஆசை ஏன் வருகிறது? கடைசிப் போட்டி வேறு மைதானத்தில் நடப்பதால். கடைசிச் சுற்றும் எம்.பி.க்களிடமே இருந்தால், எதிராளியைப் பொறுக்கி அனுப்ப அங்கே வெளி மைதானம் ஏது?

காலத்தையும் கணக்குப் பாருங்கள். 2024 ஜூலை 4 தேர்தல். நவம்பர் 2இல்தான் புதுத் தலைவர். நடுவில் அக்டோபர் 30 பட்ஜெட். எதிர்க்கட்சித் தலைவராக எழுந்து பதில் சொன்னவர் யார்? தோற்றுப் போய், மூட்டை கட்டிக்கொண்டிருந்த ரிஷி சுனக்! 1975இல் இதே கட்சியில் எம்.பி.க்கள் மட்டுமே வாக்களித்தார்கள். பிப்ரவரி 4 முதல் சுற்று, தாட்சர் 130, அப்போதைய தலைவர் ஹீத் 119. பிப்ரவரி 11 இரண்டாம் சுற்று, தாட்சர் 146. ஒரே வாரம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அன்று தொகுதிச் சங்கங்களில் பெரும்பாலானவை ஹீத் பக்கம். உறுப்பினர் வாக்கு என்று வைத்திருந்தால் தாட்சர் வந்திருக்கவே மாட்டார்.

எதிரணியின் பலமான வாதம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1997இல் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கன்சர்வேட்டிவுக்கு ஒரு எம்.பி. கூட இல்லை. அந்தப் பகுதித் தொண்டன் குரல் எங்கே? நியாயம். வாக்குப்பதிவுக்கு முன்பே தொகுதித் தலைவர்களிடம் கருத்துக் கேட்டு, எண்ணிக்கையோடு எம்.பி.க்கள் முன் வையுங்கள். கேட்பது கட்டாயம், முடிவு எம்.பி.க்களுடையது.

இப்போது டங்கன் ஸ்மித்துக்கு வருகிறேன். அன்றைய விதிப்படி 15 சதவீத எம்.பி.க்கள் கடிதம் கொடுத்தால் நம்பிக்கை வாக்கெடுப்பு. 2003 அக்டோபர் 29 அன்று 90க்கு 75 என்று இறக்கிவிட்டார்கள். ஒரு பொதுத்தேர்தலைக்கூட அவர் சந்திக்கவில்லை. ஏற்றிவிட்ட 1,55,933 பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்து மைக்கேல் ஹோவர்ட் ஒருவர் மட்டுமே நின்றார். உறுப்பினர் வீட்டுக்கு வாக்குச்சீட்டே போகவில்லை. ஆட்சி கிடைக்கவில்லைதான், ஆனால் 2005இல் 166 இடம் 198 ஆனது. அம்மா, அந்த ஏற்பாட்டில் என்ன குறை கண்டீர்கள்?