ஐப்பசிக்கு ஒரு நாவலும் ஒரு சீரியலும்

உதகை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் மஞ்சூர்ல இருந்து வந்திருக்கேன். ஐப்பசி பொறந்தாச்சு, மதியம் மூணு மணிக்கே மிஸ்ட் இறங்கி எதிர்வீடு தெரிய மாட்டேங்குது, துவைச்ச துணி காயுறதில்ல, சாயங்காலம் எங்கயும் கெளம்ப முடியாது, இந்த மாதிரி நாள்ல என்ன படிக்கலாம் என்ன பாக்கலாம்னு பேசச் சொல்லியிருக்காங்க.

எனக்கு மொதல்ல நிக்கிறது ராஜம் கிருஷ்ணன் எழுதின குறிஞ்சித்தேன் தாங்க. அவங்க வீட்டுக்காரர் மின்சாரத் துறையில இன்ஜினியர், அதனால குந்தா பக்கம் குடியிருந்தப்போ நம்ம மலை படுகர் ஜனங்களோட ஹட்டிகள்ல, அதாவது அவங்க ஊர்கள்ல பழகி, பக்கத்துல இருந்து பாத்து எழுதின நாவல் இது. குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருக்கா பூக்குதில்லையா, அந்தக் கணக்குலதான் கதையே நகரும். ஜோகி, ரங்கன், பாருன்னு ஒவ்வொருத்தரும் வளர வளர, சாமையும் ராகியும் வெளைஞ்ச மலையில தேயிலை ஏறுறதும், கரண்டுக்காக அணை கட்ட வர்றதும் நம்ம கண்ணு முன்னாடியே நடக்கும். நாம தெனமும் பஸ்ல தாண்டிப் போற எடம்ங்க இதெல்லாம்!

இத தனியா படிக்கிறத விட சத்தமா வாசிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு கண்ணு சரியா தெரியாது, அவங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டுவேன். வெதைக்கிற எடம் வந்துச்சுன்னா "கண்ணு, அங்கயே நிறுத்து"ன்னுட்டு, அவங்க மாமியார் காலத்துல சாமை எப்படி குத்துனாங்க, எந்த மேட்டுல எருமை கட்டினாங்கன்னு ஆரம்பிச்சிருவாங்க, அன்னைக்கு ரெண்டு பக்கம் தாண்டாது. தாண்ட வேணாம்ங்க, அந்தக் கதை எந்த புத்தகத்துலயும் இல்ல.

டிவின்னா எனக்கு மால்குடி டேஸ். ஆர்.கே.நாராயண் கதைகள சங்கர் நாக் எடுத்தது, 80கள்ல தூர்தர்ஷன்ல வந்துச்சு. கர்நாடகாவுல இருக்குற ஆகும்பேல எடுத்தாங்க, அதுவும் நம்மள மாதிரியே மழை ஊருதான், அந்த ஓட்டு வீடும் திண்ணையும் பாத்தாலே மனசு எறங்கிரும். எல்.வைத்தியநாதன் போட்ட டைட்டில் மியூசிக் கேட்டதும் எங்க வீட்ல அடுப்படியில இருக்கறவங்க கூட டீ டம்ளரோட வந்து ஒக்காந்துருவாங்க. ஹிந்தி தெரியாட்டியும் பரவால்லங்க, அதுல வர்ற சுவாமிங்கிற சின்னப் பையன் பள்ளிக்கூடத்துக்கு பயப்படுறது எந்த பாஷையிலயும் புரியும். பசங்கள பக்கத்துல வச்சுகிட்டு அந்த சுவாமி கதையில இருந்தே ஆரம்பிங்க.

வாய்ப்பு குடுத்த நிலையத்துக்கு நன்றிங்க, வணக்கம்.