சிகரெட் முடியும், வேப் எப்ப முடியும்? மாறுறவங்க ஏன் மாறுறாங்க, ஒதுங்குறவங்க ஏன் ஒதுங்குறாங்க?

ஒரு சிகரெட்ல மிஞ்சிப்போனா பத்துப் பதினஞ்சு இழுப்பு. அப்புறம் விரல் சுடும், கீழ போட்டு மிதிச்சிட்டு வேலைய பாக்கப் போயிடுவீங்க. வேப், அதாங்க பேட்டரில ஓடுற எலக்ட்ரானிக் சிகரெட், அது எப்ப முடியும்? அதான் மக்களே இன்னிக்கு மேட்டர். நடுவுல ஒரு ஆராய்ச்சி வருது, அதப் படிச்சிட்டு நான் தனியா உக்காந்து சிரிச்சேன், ஸ்கிப் பண்ணிடாதீங்க.

ஹிஸ்டரிய சட்டுனு முடிச்சிடுறேன். 1963லயே ஹெர்பர்ட் கில்பர்ட்னு ஒரு அமெரிக்கர் புகையில்லா சிகரெட்டுக்கு பேட்டன்ட் போட்டாரு, யாரும் சீண்டல. 2003 வாக்குல சீனாவுல ஹான் லிக்குன்னு ஒரு பார்மசிஸ்ட், அவரே பயங்கர தம் பார்ட்டி, இப்ப இருக்குற மாடலுக்கு வழி போட்டாரு. அவ்ளோதான்.

உள்ள பெருசா ஒண்ணுமில்ல. பேட்டரி, கம்பிச்சுருள், பஞ்சு, நிக்கோட்டின் கலந்த லிக்விட். கம்பி சூடாகும், பஞ்சுல ஊறுனது ஆவியாகும். எதுவும் எரியல, அதான் பாயிண்ட். சிகரெட் நுனி நீங்க இழுக்குறப்ப கிட்டத்தட்ட 900 டிகிரிக்கு போகுது, தாரும் கார்பன் மோனாக்சைடும் அப்படி எரியுறதுலதான் வருது. அதனால "தம்ம விட முடியல, சரி இதுக்காவது மாறுவோம்"னு வர்றவங்கதான் நிறைய. சட்டையில நாத்தம் இல்ல, வீட்ல திட்டு கம்மி, அதுவும் ஒரு காரணம். இருபது வருஷம் விரலிடுக்குல ஒண்ண வச்சிருந்த கைக்கு, தம்ம விட ஒட்டிக்குற நிக்கோட்டின் பேட்ச் என்ன வேலை குடுக்கும் சொல்லுங்க, தோள்ல ஒட்டிக்கிட்டு சும்மா இருக்கும்.

இப்ப அந்த ஆராய்ச்சி. 2019, இங்கிலாந்து, 886 பேரு. எல்லாரும் தம்ம விட வந்தவங்க. பாதிப் பேருக்கு வேப், மீதிப் பேருக்கு பேட்ச், நிக்கோட்டின் சூயிங்கம் மாதிரி ஐட்டம். ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா வேப் டீம்ல 18 சதவீதம் சிகரெட்ட விட்டுட்டாங்க, இந்தப் பக்கம் 9.9தான். செம்மல்ல? இருங்க. விட்டவங்கள்ல எத்தன பேரு அந்த மருந்தையும் விட்டாங்கன்னு பாத்தாங்க. பேட்ச் டீம்ல 9 சதவீதம்தான் இன்னும் யூஸ் பண்றாங்க. வேப் டீம்ல? 80! பேய் ஓட்ட வந்த பூசாரி வீட்லயே பாய் போட்டு படுத்துட்டாரு மக்களே.

ஏன்னா இதுக்கு வாசல் இல்ல. சிகரெட்டுக்கு பத்த வைக்கணும், வெளிய போகணும், அது தானா அணையும். இது தலகாணிக்கு அடியில கெடக்கும், தூக்கம் கலைஞ்சா ஒரு இழுப்பு. அதுலயும் நிக்கோட்டின் சால்ட்டுன்னு ஒண்ணு வந்துச்சு, ஆசிட் கலந்து காரத்தன்மைய குறைச்சிடுவாங்க, ஸ்ட்ராங்கா இருந்தாலும் தொண்டை கமறாது. போதும்னு சொல்ற தொண்டையவே வாயடைச்சிட்டாங்க!

ஒதுங்குறவங்க கேஸ் வேற. 2019லயும் 2020 ஆரம்பத்துலயும் அமெரிக்காவுல வேப் இழுத்து நுரையீரல் பாதிச்சு 2,800 பேருக்கு மேல ஆஸ்பத்திரி, 68 சாவு. பெரும்பாலும் கஞ்சா ஆயில்ல கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம்னு அப்புறம் தெரிஞ்சுது, ஆனா பயம் பயம்தானே. தம்ம விட்டு அஞ்சு வருஷம் ஆனவங்க கிட்டவே வர மாட்டாங்க, என்னக் கேட்டா அவங்கதான் கில்லாடிங்க. சிகரெட்டே பிடிக்காதவங்க இத எதுக்குத் தொடணும்னு எனக்கு சத்தியமா புரியல. ரெண்டையும் வச்சிருக்குற ஆளுங்க கமெண்ட்ல வாங்க, உங்களுக்கு ரெட்டைச் செலவு, லாபம் எங்கன்னு சொல்லுங்க.

ஆங், வேப் எப்ப முடியும்னு கேட்டேன்ல. லிக்விட் தீந்து பஞ்சு காய்ஞ்சா ஒரு கருகின இழுப்பு வரும், ட்ரை ஹிட்டுன்னுவாங்க, துணி எரிஞ்ச மாதிரி தொண்டையில நிக்கும். இருமிக்கிட்டே கை பாக்கெட்டுக்குப் போகும், அடுத்தத எடுக்க.