மெக்சிகன் புல்லுக்குக் கும்பிடு போட்டாச்சு!

வணக்கம் மக்களே! எனக்குப் பின்னால் பாருங்கள். புல் இல்லை. 2 வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்றுதான் மெக்சிகன் புல்லை விரித்துவிட்டு, 'திருவொற்றியூரில் ஒரு ஊட்டி' என்று பீற்றிக்கொண்டேன். தயவுசெய்து அந்த வீடியோவைத் தேடிப் போகாதீர்கள்.

வாசல் மொத்தமே 150 சதுர அடி. கோடையில் அந்தப் புல் பச்சையாக நிற்க ஒரு நாளைக்கு 70 லிட்டராவது வேண்டும். நம்ம பிளாஸ்டிக் குடத்தில் 5 குடம். போர் தண்ணீர் உப்பு, ஊற்றினால் நுனி கருகும். அதனால் குடிக்க வரும் மெட்ரோ தண்ணீரைத்தான் ஊற்றினேன். 2019இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டபோது தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவள் நான். வெட்கமாக இல்லையா என்று அத்தை ஒரு நாள் கேட்டார். இருந்தது.

புல்லை எடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்காத தோட்டம் போடும் யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? நிலைப்படிக்கு மேலே பாருங்கள், திருஷ்டிக்குத் தலைகீழாகத் தொங்கும் கற்றாழை. மண் இல்லை, தண்ணீர் இல்லை. போன மாசம் பூத்தே விட்டது! கீழே நான் 5 குடம் ஊற்றிய புல் மஞ்சளாகக் கிடந்தது.

சரி, புல் இருந்த இடத்தில் என்ன பரப்புவது? இப்போது கூழாங்கல் கதை. இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. வெள்ளைக் கூழாங்கல் 25 கிலோ மூட்டை 450 ரூபாய். 2 அங்குலத்துக்குப் போட 45 மூட்டை. 20,250 ரூபாய், மக்களே, கல்லுக்கு! குட்டியானை வண்டி வாடகை தனி. அதுவும் இந்த வெயிலில் வெள்ளைக் கல் கண்ணைக் கூசும், கால் வைத்தால் பொசுக்கும். இன்ஸ்டாவில் வரும் அந்த வெள்ளைக் கல், கள்ளிச்செடித் தோட்டமெல்லாம் எனக்குக் கட்டோடு பிடிக்காது.

பக்கத்துத் தெருவில் பழைய வீடு ஒன்றை இடித்தார்கள். ரப்பீஸில் இருந்த செங்கல் துண்டெல்லாம் இலவசம்! கூழாங்கல்லுக்குப் பதில் அதையே பரப்பினேன். சிமெண்ட் ஒட்டிய துண்டுகளைப் பொறுக்கி எறியவே 3 நாள் ஆனது. இருந்தாலும் பாருங்கள், எவ்வளவு அழகான சிவப்பு. மழைத் தண்ணீரையும் குடித்து வைத்துக்கொள்ளும்.

ஐயோ, மேட்டை மறந்துவிட்டேன். செங்கல் பரப்பும் முன் அதுதான் முக்கியம். செம்மண்ணும் செங்கல் தூளும் கலந்து ஒரு அடி மேடு போட்டேன். நம்ம ஊரில் செடி எட்டு மாசம் காயணும், ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நிற்கணும். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் என் கள்ளிகள் எல்லாம் அழுகிக் கொழகொழவென்று ஆனது ஞாபகம் இருக்கா? தண்ணீர் கேட்காத செடி என்று விற்றவர், தண்ணீரில் நிற்காது என்று சொல்லவே இல்லை.

மேட்டில் காகிதப்பூ, ஆவாரம், நித்தியகல்யாணி. வேலியோரம் பிரண்டை. அரளி வேண்டாம் என்று விட்டேன். அது விஷம், தெருவில் ஆடு திரிகிறது. எனக்குப் பிடித்தது இதோ, இந்த அடப்பங்கொடி. எண்ணூர்ப் பக்கம் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்குமே, அதேதான். இலையைப் பாருங்கள், அப்படியே ஆட்டுக்குளம்பு. ஒரு சாண் துண்டுதான் கிள்ளி வந்தேன், வேரோடு பிடுங்கவில்லை, அது மணலைப் பிடித்து வைக்கிற கொடி. கணுவுக்குக் கணு வேர்விட்டு இப்போது 4 அடி. உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், கண்டுகொள்ளவே இல்லை.

ஒரே தொல்லை, செங்கல் இடுக்கில் அருகம்புல். நான் நடவில்லை, தண்ணீரும் விடவில்லை. பிடுங்கப் போனால் அத்தை கையைத் தட்டிவிடுகிறார். பிள்ளையாருக்காம்!