காய்ச்சலில் வலிப்பு ஏன் வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்மார்கள் பலர் என்னிடம் முதலில் சொல்வது இதுதான்: "நான்தான் டாக்டர் கவனிக்காம விட்டுட்டேன். மருந்தை முன்னாடியே கொடுத்திருக்கணும்." இல்லை அம்மா, தவறு உங்களுடையதல்ல. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு இந்த வலிப்பு வருகிறது. ஒன்றரை வயதையொட்டித்தான் மிக அதிகம். காரணம், வளர்ந்துகொண்டிருக்கும் மூளை. அங்கே நரம்பணுக்களைத் தூண்டும் வேகம் மிகுதி, அடக்கும் ஆற்றல் இன்னும் முதிரவில்லை. கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் சில வேதிப்பொருட்களும் காய்ச்சலின் சூடும் சேர்ந்து அந்தச் சமநிலையைக் குலைத்துவிடுகின்றன. பல வீடுகளில் வலிப்பு வந்த பிறகுதான் காய்ச்சலே தெரியவருகிறது. அப்புறம் எப்படி முன்கூட்டியே மருந்து கொடுப்பது? பாராசிட்டமால் குழந்தையின் சோர்வைக் குறைக்கும், கொடுங்கள். ஆனால் அடுத்த காய்ச்சலில் வலிப்பு வராமல் அது காக்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை.

காய்ச்சலைக் கொண்டுவருவது பெரும்பாலும் வைரஸ்தான்: ஃப்ளூ, சளி, மூன்று நாள் கடுமையாகக் காய்ந்துவிட்டு உடம்பில் சிவப்புத் தடிப்போடு இறங்கும் ரோசியோலா. காதில் சீழ் பிடித்தாலும் வரலாம். தட்டம்மைத் தடுப்பூசி போட்டு ஒரு வாரம், பத்து நாளில் வரும் காய்ச்சலிலும் அரிதாக வருவதுண்டு. அதற்காகத் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள், தட்டம்மை அதைவிடப் பல மடங்கு கொடியது.

பரம்பரைக்கும் பங்கு உண்டு. அப்பாவுக்கோ அக்காவுக்கோ சிறுவயதில் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மூளைக்காய்ச்சலா என்று உடனே பார்த்தாக வேண்டும். எந்த வயதிலும் கழுத்து விறைத்தாலோ, வலிப்பு நின்றபின் நினைவு தெளியாவிட்டாலோ அப்படித்தான்.

வலிப்பு வரும்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடம், இரண்டு பக்கமும் வெட்டியதா, ஒரு பக்கம் மட்டுமா என்று உங்களைத்தான் நான் கேட்பேன்.