பதினைந்து வயதைப் பதினைந்து வயதோடு வைத்துப் பாருங்கள்

(வெளிநாட்டுப் பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியர்களிடம் மதுரையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்து, சிங்கப்பூர், எத்தியோப்பியா என்று பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். போய் ஒரு மாதத்தில் வீட்டுக்குப் போன் வரும்: "இங்கே பிள்ளைகளுக்கு மரியாதையே கிடையாது!" அல்லது, "இங்கே பிள்ளைகள் தங்கம், நம்ம ஊர்ப் பயல்கள்தான் வாலு!" ரெண்டுமே அவசரத் தீர்ப்பு.

வகுப்பை வைத்து ஒப்பிடாதீர்கள், வயதைப் பாருங்கள். பின்லாந்தில் ஒன்றாம் வகுப்பே ஏழு வயதில்தான். அதனால் அவர்களுடைய ஒன்பதாம் வகுப்பும், இங்கிலாந்தின் பதினோராம் ஆண்டும், நம் பத்தாம் வகுப்பும் ஏறத்தாழ ஒரே வயது. பல நாட்டுப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வு 15 வயதை அளவுகோலாக வைத்திருப்பது இதற்காகத்தான். அதன் 2009 சுற்றின் தொடர்ச்சியில் தமிழ்நாடும் கலந்துகொண்டு பட்டியலின் அடியில் நின்றது. அதை நாம் மேடையில் சொல்லிக்கொள்வதில்லை.

வயது ஒன்றானாலும் தலைமேல் இருக்கும் சுமை ஒன்றல்ல. நம் பிள்ளைக்கு 15 வயதில் 500 மதிப்பெண் கத்தி. சிங்கப்பூர்ப் பிள்ளை 12 வயதிலேயே ஒரு பெரிய தேர்வைத் தாண்டி வந்திருக்கும். பின்லாந்துப் பிள்ளைக்கு நாடு தழுவிய பெரிய தேர்வு மேல்நிலைப் படிப்பின் முடிவில்தான். அவன் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைக் குணம் என்று எழுதிவிடாதீர்கள்.

பின்லாந்தில் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இங்கிலாந்தில் பதில் சொல்ல எழுந்து நிற்கும் வழக்கம் பொதுவாக இல்லை. இதில் அவமரியாதை எங்கே வந்தது? நம் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று கோரஸ் வரும். எவருக்குப் புரிந்தது என்பது மீனாட்சிக்கே வெளிச்சம். அமெரிக்க வகுப்பறைகளில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கவனித்தது இது: கேள்வி கேட்ட ஆசிரியர் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீளமாகிறது. புது நாட்டில் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். கேள்வியைப் பலகையில் எழுதுங்கள், நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு ஒரு நிமிடம் பேசவிடுங்கள். அப்புறம் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் நாளே ஒருவனை எழுப்பி நிறுத்தினால் வாரம் முழுக்க வாயே திறக்கமாட்டான்.

எத்தியோப்பியா போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே கடிகாரக் கணக்கு விடியலில் தொடங்கும். நம் காலை ஒன்பது அவர்களுக்கு மூன்று. "மூணு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ்" என்று பிற்பகலை மனதில் வைத்துச் சொன்னால் பிள்ளைகள் காலையிலேயே வந்து நிற்கும். உள்ளூர்க் கணக்கா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

எந்த நாட்டுக்கும் பொதுவானது தூக்கம். பருவ வயதில் உடம்பின் தூக்க நேரமே தள்ளிப்போகிறது. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டம். இங்கே ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸுக்காக மேலூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் பிள்ளை இரண்டாம் பீரியடில் சாமியாடினால் சோம்பேறி என்கிறோம்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் சுற்றும் ஜப்பான் துடைப்பம். அங்கே பள்ளி வகுப்பறையில் மேசைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, கூட்டி, ஈரத்துணியால் தரையைத் தேய்ப்பது பிள்ளைகள்தான். முறை வைத்து எல்லோரும் செய்கிறார்கள், டாக்டர் மகனும் சேர்த்துத்தான். அதைக் காட்டி நம் பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள், இங்கே கழிவறை கழுவும் துடைப்பம் எந்தத் தெருப் பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.