பெயருக்கு முன்னால் ஒட்டினால் போதாதா? மௌல்மீன் தம்பிக்குப் பதில்

வணக்கம். மௌல்மீனிலிருந்து ஒரு தம்பி குரல் செய்தியில் கேட்டிருந்தார்: "அண்ணே, நீங்கள் சொன்னபடி சின்னதாக ஒரு நிரல் மொழி எழுதிவிட்டேன். நிரலைப் படித்துப் பிரிக்கும் பார்சர் ஓடுகிறது, அதைக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் ஓடுகிறது. இப்போது பெயர்வெளி சேர்க்க வேண்டும், அதாவது ஒரே பெயர் இரண்டு கோப்பில் இருந்தாலும் மோதாமல் பிரித்து வைக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கோப்பின் பெயரை ஒட்டிவிட்டால் போதாதா?" இரண்டு நாளாக இந்தப் "போதாதா" என்னை விடவே இல்லை. பஸ்ஸில் நிற்கும்போதும் அதே நினைப்பு.

ஒட்டலாம். ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

ஒட்டுவதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. நம்ம நாட்டில் பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தெருவில் நின்று "ஊ லா" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். மாண்டலேயில் லூடு பத்திரிகை நடத்தியவர் லூடு ஊ லா ஆனார், அவர் மனைவி லூடு டோ அமா. எழுத்தாளர் மா மா லே, ஜர்னல் ஜோ மா மா லே ஆனதும் இப்படித்தான். பத்திரிகைதான் பெயர்வெளி. பிஎச்பி மொழியிலும் 2009இல் 5.3 பதிப்பு வரும்வரை இதே பிழைப்புதான்: ஜெண்ட், ஒரு அடிக்கோடு, டிபி, இன்னொரு அடிக்கோடு, டேபிள் என்று ரயில் பெட்டி மாதிரி பெயர்கள். விரல் வலிக்கும், ஆனால் வண்டி ஓடியது.

சரி, வீட்டுக்குள் கணவரைக் கூப்பிடும்போது டோ அமா "லூடு ஊ லா" என்று முழுசாகவா கூப்பிட்டிருப்பார்? உள்ளே இருப்பவர் சுருக்கிக் கூப்பிட வேண்டும், வெளியே இருப்பவர் முழுசாகக் கூப்பிட வேண்டும், இரண்டு குரலும் ஒரே ஆளிடம் போய்ச் சேர வேண்டும். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் பல்லவி தெரியும், மறுபடியும் பாடுகிறேன்: பெயர் என்ன என்று கேட்காதே, எங்கே தேடுகிறது என்று கேள். பெயர்வெளி என்றால் தேடும் வரிசை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். இங்கே ரங்கூனில் ஒரு மளிகைக் கடைக்கு பில் போட என் முதல் மொழியை எழுதினேன். அன்றாட விற்பனைக்கு ஒரு கோப்பு, கடன் கணக்குக்கு ஒரு கோப்பு. இரண்டிலும் "மொத்தம்" என்று ஒரு மாறி. எல்லாப் பெயரும் ஒரே பெரிய அட்டவணையில் கிடந்ததால், பின்னால் ஏறிய கோப்பு முன்னதை மூடிவிட்டது. அரை வீசை வெங்காயம் வாங்கிய அம்மாவின் பில்லில் வேறு யாரோ மூன்று மாதமாக வைத்திருந்த கடன் முழுவதும் வந்து நின்றது. "தம்பி, வெங்காயத்துக்குள்ளே தங்கம் வைத்து விற்கிறீர்களா?" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

ஆகவே பெயர்வெளிக்கு ஒரு அட்டவணை வையுங்கள். ஃபங்க்ஷனுக்குள் முதலில் தேடு, பிறகு சொந்தப் பெயர்வெளி, பிறகு இறக்குமதி செய்தவை, கடைசியில் பொது. முதல் சுற்றில் அறிவிப்புகளை மட்டும் சேகரியுங்கள், இரண்டாவது சுற்றில் தேடுங்கள். இல்லாவிட்டால் கீழே எழுதிய ஃபங்க்ஷனை மேலே கூப்பிட முடியாது. பார்சரில் ஒரு புள்ளியும் ஒரு இறக்குமதி வரியும்தான் புதிது, ஒரு மாலை வேலை. மற்றது முழுக்க இந்தத் தேடல்தான்.

தேடும் வரிசையில் தாராளம் காட்டினாலும் செலவு உண்டு. பிஎச்பியில் பெயர்வெளிக்குள் வெறும் ஸ்டர்லென் (எழுத்துத் தொடரின் நீளம் சொல்லும் ஃபங்க்ஷன்) என்று எழுதினால், முதலில் அந்தப் பெயர்வெளியில் பார்க்கும், இல்லையென்றால் பொதுவில் பார்க்கும். எது கிடைக்கும் என்பது ஓடும்போதுதான் தெரியும். அதனால் அந்த அழைப்பை நேரடிக் கட்டளையாகச் சுருக்கக் கம்பைலருக்குத் தைரியம் வராது. முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் சுருக்கிவிடும். கிளாஸ்களுக்கு மட்டும் இந்தப் பொதுத் தேடல் இல்லை.

அப்புறம் லிங்கர், தனித்தனியாகக் கம்பைல் ஆன கோப்புகளை ஒரே நிரலாக இணைப்பது. அதற்குப் பெயர்வெளியெல்லாம் தெரியாது, தட்டையான பெயர்தான் தெரியும். சி பிளஸ் பிளஸில் "கடை" என்ற பெயர்வெளிக்குள் "விலை" என்று உள்ளீடு எதுவும் வாங்காத ஒரு ஃபங்க்ஷன் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஐந்தைந்து எழுத்து. ஜிசிசி கம்பைலர் அதை "5கடை5விலை" என்று கோத்து, தலையில் அடிக்கோடு, இசட், என் வைத்து, வாலில் ஈ, வி வைக்கும். எத்தனை எழுத்து படிக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த 5. பார்த்தீர்களா தம்பி, கடைசியில் அவர்களும் ஒட்டத்தான் செய்கிறார்கள்! உங்கள் யோசனை சரி, நேரம்தான் தப்பு. தேடி முடித்துவிட்டு ஒட்டுங்கள்.

மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கவும் விட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு குழி இருக்கிறது. "கொடி" என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கம்பைலருக்கு இரண்டு மாறி. பைத்தான் 3 பெயர்களை என்எஃப்கேசி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடும். நீங்களும் அட்டவணையில் போடும் முன்பே மாற்றிவிடுங்கள். இந்தக் கஷ்டம் நமக்குப் புதிதா என்ன? பர்மிய மொழிக்கு முன்பு பரவலாக இருந்த ஜோஜி எழுத்துருவில் இதற்கு நேர் எதிர், ஒரே குறியீட்டு எண்ணுக்கு ஜோஜியில் ஒரு எழுத்து, யூனிகோடில் வேறு எழுத்து. 2019 அக்டோபர் 1 யூனிகோடுக்கு மாறும் நாள் என்று வைத்தார்களே, அதற்கு முன் ஃபோனில் வந்த செய்தியில் பாதி எழுத்து குழம்பித்தான் தெரியும்.

உண்மையில் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: தேடிய பெயர் கிடைக்காவிட்டால் என் கம்பைலர் என்ன சொல்ல வேண்டும்? "மொத்தம் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு ஓடிவிடக் கூடாது. "மொத்தம் கிடைக்கவில்லை. பில் பெயர்வெளியிலும் பொதுவிலும் பார்த்தேன். கடன் பெயர்வெளியில் 12ஆம் வரியில் இதே பெயர் இருக்கிறது, நீங்கள் இறக்குமதி செய்யவில்லை" என்று சொல்ல வேண்டும். தேடல் ஃபங்க்ஷன் போன வழியையெல்லாம் குறித்துவைத்தால்தான் இது முடியும். எடிட்டரில் பாதி அடித்ததும் மீதிப் பெயரைக் காட்டுவதற்கும் அதே குறிப்பு உதவும்.

தம்பி, உங்கள் தேடல் ஃபங்க்ஷனை மட்டும் அனுப்புங்கள், பார்க்கிறேன். பார்சர் வேண்டாம், அதை நான் திறக்கப் போவதில்லை.