மனு போடாதவர்கள்

(நாகர்கோவிலில் சமூகப்பணி படிக்கும் மாணவர்களிடையே, ஓய்வுபெற்ற சமூகநல அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'சமூகநலப் பணியில் சமநீதி'. பெரிய தலைப்பு. பணியில் இருந்த காலமெல்லாம் இந்தச் சொல்லை நான் ஆய்வுக் கூட்டங்களில்தான் கேட்டிருக்கிறேன். அங்கே அதைச் சொன்னவர்கள் அடுத்த நிமிடமே 'டார்கெட் எவ்வளவு, முடிச்சது எவ்வளவு' என்று போய்விடுவார்கள். நீங்கள் நாளைக்கு ஊர்நல அலுவலராக, விரிவாக்க அலுவலராக, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலராக வரக்கூடியவர்கள். அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அரசு அலுவலகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மனு வந்தால்தான் அதற்கு உயிர் வரும். மனு வந்தால் எண் விழும், எண் விழுந்தால் விசாரணைக்குப் போகும், விசாரணை முடிந்தால் ஏற்பு அல்லது நிராகரிப்பு. மனு போடாதவர் அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. என் கணக்கில், நம் துறையின் பாதி வேலை மனு போடாதவர்களைத் தேடுவது. மீதிப் பாதியைக் கம்ப்யூட்டரே இப்போது ஏறக்குறைய செய்துவிடுகிறது.

சரி, அப்படிப்பட்டவர்கள் குமரி மாவட்டத்தில் இருக்கிறார்களா? சென்னையிலிருந்து வரும் அதிகாரிகள் முதலில் கேட்பது இதைத்தான்: 'உங்க மாவட்டத்துக்கு என்ன குறை?' 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே 91.75ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை. பின்தங்கிய மாவட்டத்தில் இவர்களைத் தேடிக்கொண்டு திட்டமே வரும். முன்னேறிய மாவட்டத்தில் சராசரிக்குப் பின்னால் மறைந்துபோவார்கள். சுற்றி எல்லாரும் படித்திருக்கும் ஊரில், படிவத்தை நீட்டினால் 'வாசிக்கத் தெரியாது' என்று சொல்லவே கூச்சம்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்காக இங்கே பெண்கள் பல்லாண்டு அடிபட்ட பிறகுதான் 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அதற்கும் முன்பே சாமிதோப்பில் ஐயா வைகுண்டர் எல்லாச் சாதிக்கும் பொதுவான முத்திரிக் கிணற்றைத் திறந்துவைத்தார். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் வேண்டியிருந்தது. ஆலயப் பிரவேச அறிவிப்பு 1936இல் வந்தது. இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956இல். இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், இங்கே கதவு தானாகத் திறந்த வரலாறு கிடையாது. இன்று கதவில் யாரும் காவல் நிற்கவில்லை. வழி மட்டும் சிலருக்கு நீளமாக இருக்கிறது.

எப்படி நீளம் என்றால், மலைப்பக்கம் போவோம். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது. நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் வந்தது, நமக்கெல்லாம் சோறு வந்தது. காட்டுக்குள் இருந்த காணிப் பழங்குடி மக்களில் சில குடியிருப்புகளுக்கோ வழி நடுவே தண்ணீர் வந்து நின்றது. இன்றும் அக்கரைக்குப் படகில் போய்வரும் குடியிருப்புகள் உண்டு. இப்போது சாதிச் சான்றிதழுக்கு வாருங்கள். நமக்கெல்லாம் அது வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றிதழ் மட்டும் கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படுவது. அந்தப் பகுதிக்கு, தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் கோட்ட அலுவலகம். போலிச் சான்றிதழைத் தடுக்க வைத்த விதி, அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். மாவட்டத்திலேயே ஆகத் தொலைவில் இருப்பவர் ஆகத் தொலைவு போக வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாமே என்பீர்கள். விண்ணப்பிக்கலாம், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இறங்கி வந்து.

கடற்கரையில் வேறு கதை. தூத்தூர், வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆண்கள் ஆழ்கடலில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள். படகு கரை பிடிப்பது கொச்சியில், வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வீடு, பள்ளிக்கூடம், கடன், மருத்துவம் எல்லாம் பெண்கள் தலையில். நம் மக்கள் குறைதீர் நாளோ திங்கட்கிழமை, நாகர்கோவிலில். இரண்டு மூன்று பேருந்து மாறி வர வேண்டும். மீன் விற்கிறவர் அன்றைக்கு யாவாரத்தை விட வேண்டும், அண்டியாபீஸ் போகிறவர் அன்றைக்குக் கூலியை விட வேண்டும். ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன்: 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்த பிறகு, துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக மனுவோடு வரும் பெண்களை அதிகம் பார்த்தேன். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது நம் துறை இல்லை. ஆனால் நாங்கள் போட்ட பல கூட்டங்கள் செய்யாததை அது செய்தது.

அண்டியாபீஸ் என்றதும் வெளியூர்ப் பிள்ளைகள் விழிக்கிறீர்கள். முந்திரிக்கொட்டை ஆலைக்கு இங்கே அதுதான் பெயர். வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கொட்டையின் தோட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது, தோலைப் பொத்துப்போக வைக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். வருடக்கணக்கில் அந்த வேலை பார்த்த ஒருவரின் கையை நான் ரேஷன் கடையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் நுனி கறுத்து, வழவழவென்று, கோடு என்று ஒன்றும் மிச்சமில்லை. கருவியில் வைக்கிறார், சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கிறார், சிவப்பு. அடுத்த விரல், சிவப்பு. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. 'நாளைக்கு வாங்கம்மா, சர்வர் சரியில்ல' என்கிறார் கடைக்காரர். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. இந்தம்மாவின் கைரேகை அண்டியாபீசில் தேய்ந்துபோய்விட்டது. கைரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி வைத்துக் கொடுக்கத்தான் உத்தரவு. கருவிழி பார்க்கும் கருவியும் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. இருந்தும் அவர் ஒன்றும் கேட்காமல் பையை மடித்துக்கொண்டு திரும்பினார். மனு போடச் சொன்னேன். 'எனக்க கை சரியில்லேன்னு மனு எழுதவா?' என்று சிரித்தார்.

இனி நடுவில் இருக்கிற ஊர்கள். மலையும் இல்லை, கடலும் இல்லை, நல்ல தார்ரோடு, காங்கிரீட் வீடுகள். இங்கேதான் எனக்கு அதிகச் சிரமம் இருந்தது.

வீட்டுக்கு வீடு ஒருவர் வெளிநாட்டில். ஒரு மூதாட்டி முதியோர் உதவித்தொகை கேட்டது நிராகரிப்பு ஆகியிருந்தது. காரணம்: 'வசதியான வீடு உள்ளது, மகன் வெளிநாட்டில்.' எழுதியவர் பொய் எழுதவில்லை. வீடு மாடி வைத்தது. முன்னால் கிரில், தரையெல்லாம் டைல்ஸ். அடுக்களையைப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் தீர்ந்து, பின்புறம் மூன்று கல் வைத்து, ரப்பர் விறகில் கஞ்சி. மாடிக்கு அவர் ஏறியே வருடங்கள் ஆகியிருந்தன, முட்டுவலி. வீடு மகன் பெயரில், கடன் பேங்கில். மகனிடமிருந்து பணம் வந்து பல மாதம்.

சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித் தரலாம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களையும் அந்தச் சட்டம் விடுவதில்லை. பெற்றவர் மனு தர முடியாவிட்டால் அவர் சொல்லும் வேறொருவர் தரலாம், தீர்ப்பாயம் தானாகவே எடுக்கவும் செய்யலாம். இதையெல்லாம் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்டார்: 'எனக்க மவனுக்க மேல கேசு குடுக்கவா மக்ளே சொல்லுத?'

அதற்கு மேல் நான் சட்டம் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாட்ஸப்பில் மகனைப் பிடித்தோம். அவனுக்கு அங்கே வேலை போயிருந்தது. அறையில் நாலு பேரோடு கிடக்கிறான், அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் நிற்கும்போதே இதையெல்லாம் நான் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, கேட்டாயிற்று. மகனை வில்லனாக வைத்து எழுதிய கோப்பும் தப்பு, வீட்டைப் பார்த்து எழுதிய கோப்பும் தப்பு. மறு விசாரணைக்கு எழுதி, கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டிப்போய் அடுக்களையைக் காட்டினோம். மாதங்கள் கழித்து உதவித்தொகை வந்தது. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாய் ஆனது. முதியோருக்கான மத்தியத் திட்டத்தில் அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை மத்திய அரசின் பங்கு அதில் 200 ரூபாய்தான் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன், யாரும் கேட்டால் சொல்லுங்கள்.

வீடு பார்க்கப் போனால் வாசலில் நின்று எழுதாதீர்கள். அடுப்பையும் மாத்திரை டப்பாவையும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, சின்ன விஷயம் போலத் தோன்றும். விண்ணப்பங்கள் ஆன்லைன் ஆன பிறகு பலருக்கும் பிரவுசிங் சென்டர்தான் கதி. ஓடிபி வர வேண்டுமே என்று கடைக்காரர் தன் செல் நம்பரையே போட்டுவிடுவார். நிராகரிப்பு ஆனால் குறுஞ்செய்தி அவருக்குப் போகும். ஒரு நாளில் அவருக்கு எத்தனையோ செய்தி, பார்ப்பாரா? விண்ணப்பித்தவர் 'அரசாங்கத்துல இன்னும் பாத்துட்டு இருக்காங்க' என்று காத்திருப்பார். அதனால் நிராகரிப்புப் பட்டியலை வாங்கி, நம்பர் வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கடைக்கு நேரே போங்கள், சண்டை போட அல்ல. அந்தத் தம்பிக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் அவனே உங்களுக்குப் பாதி வேலையை முடித்துத் தருவான்.

இப்படி ஒரு பக்கம் அதிகம் போனால் உங்களைக் குறை சொல்வார்கள். நம் மாவட்டத்தில் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள். தையல் இயந்திரமோ எதுவோ வந்தால் ஒன்பதுக்கும் ஒரே எண்ணிக்கையாகப் பிரித்துவிட்டால் அலுவலகத்துக்கு நிம்மதி, யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த நிம்மதிக்காகவே பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. தேவைக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்தால் 'மேடம் ஒரு சாராருக்கு மட்டும் செய்றாங்க' என்று பேச்சு வரும். அப்போது கையில் அரசியலமைப்புச் சட்டம் இருக்கட்டும். 14ஆம் பிரிவு எல்லாரும் சமம் என்கிறது. 15ஆம் பிரிவே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பின்தங்கியவர்களுக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிறது. பின்தங்கியவர்களுக்கான அந்த உட்பிரிவு 1951இல் முதல் திருத்தத்தில் சேர்ந்தது, அதற்குக் காரணமே நம் சென்னை மாகாணத்து வகுப்புவாரி அரசாணை மீது நடந்த வழக்குதான்.

இன்னொரு குறை உங்கள் சக ஊழியர்களே சொல்வார்கள்: 'வர்ற மனுவுக்கே ஆள் பத்தல, வராதவங்களை எங்கே போய்த் தேட?' இதில் பாதி உண்மை. ஆள் பற்றாக்குறை நிஜம், இரண்டு ஒன்றியத்தை ஒருவர் பார்த்த காலம் உண்டு. ஆனால் தேடிப் போவதற்குத் தனி ஆள் வேண்டியதில்லை, அங்கன்வாடிப் பணியாளருக்கும், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவருக்கும் தெரியாத வீடு ஊரில் இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நாம்தான் அவர்களிடம் படிவத்தை மட்டும் கேட்கிறோம்.

கடைசியாக முகாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆகின, சான்றிதழுக்கு மருத்துவக் குழு முன்னால் வர வேண்டும். எல்லாரையும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாமல் குழுவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக முயலுங்கள். தேதியை உங்கள் வசதிக்கு வைக்காதீர்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆழ்கடல் போகிறவர்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான். படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளையைத் தூக்கிவர அப்பா வேண்டும். நோட்டீசைப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், பங்குத்தந்தையைப் பார்த்து ஞாயிறு பூசையின் அறிவிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். போட்டோ எடுக்கும் ஆளையும் ஜெராக்ஸ் மெஷினையும் முகாமுக்கே கொண்டுபோய்விடுங்கள், அதற்காக ஒருவரும் குளச்சலுக்கோ கொல்லங்கோட்டுக்கோ ஓட வேண்டாம். நேரம் ஆகிவிட்டது, கேள்வி இருக்கிறவர்கள் கேளுங்கள்.